நான் வேண்டாம் என்று சொன்ன லென்ஸ்

சேலையூரில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் நான் செய்த இரும்பு கேட் ஒன்றாவது கண்ணில் படும். ஐந்தாம் வகுப்போடு படிப்பு போயிற்று. அதற்குப் பிறகு எல்லாமே என் கையும் வெல்டிங் ராடும்தான். பட்டறை போட்டது, கேம்ப் ரோட்டில் இடம் வாங்கியது, பெண்களைக் கட்டிக்கொடுத்தது, எதையும் நான் யாரிடமும் யோசனை கேட்டுச் செய்ததில்லை. கேட்டுச் செய்தது ஒன்றே ஒன்று. ஒரு லென்ஸ்.

சர்க்கரை வந்து, டாக்டர் நடக்கச் சொல்லி, சிட்லபாக்கம் ஏரிக்கரைக்குப் போன இடத்தில்தான் இந்தப் பைத்தியம் பிடித்தது. கழுத்தில் கேமராவோடு ஒருவர் நாணல் பக்கமாகக் குனிந்து நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் பௌதிகம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். "இங்க வாங்க பாய், இதைப் பாருங்க" என்று கேமராவின் பின் திரையைக் காட்டினார். ஒரு மீன்கொத்தி. இறகு இறகாகத் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் எனக்கு சார், நான் அவருக்கு பாய். அடுத்த வாரமே நானும் கேமரா வாங்கிவிட்டேன். நினைத்தால் செய்துவிடுவேன், நான் அப்படித்தான்.

சனிக்கிழமை விடிவதற்கு முன் என் காரில் போய் அவர் வீட்டு வாசலில் நிற்பேன். சேர்ந்து ஏரிக்குப் போவோம். கேமராவோடு வந்த சின்ன லென்ஸில் பறவை புள்ளியாகத்தான் விழும். எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. முக்குளிப்பான் என்று ஒரு சின்ன நீர்ப்பறவை, குஞ்சு பொரித்த புதிதில் குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். இறகுக்குள்ளிருந்து ஒரு குட்டித் தலை எட்டிப் பார்க்கும். கரையில் ஆள் நடமாட்டம் தொடங்கும் முன், அரை வெளிச்சத்தில்தான் நாணலை விட்டு வெளியே வரும். அந்தப் படம் எனக்கு வேண்டும். எடுத்துப் பெரிதாகச் சட்டம் போட்டுப் பட்டறையில் மாட்ட வேண்டும்.

ஏரியில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் எழுதாத சட்டம் ஒன்று. யாராவது பழைய சாமானை விற்கப் போட்டால், முதலில் "எனக்கு" என்றவனுக்குத்தான் அது. அவன் வாயாலேயே "வேண்டாம்" என்கிற வரை வேறு எவரும் கை வைக்கக் கூடாது. பெருங்களத்தூரில் புது அடுக்குமாடியில் இருந்த ஒரு சாஃப்ட்வேர்க்காரர், வெளிநாட்டுக்குக் கிளம்புகிறவர், தன்னுடைய ஐந்நூறு எம்.எம். பிரைம் லென்ஸை விற்கிறேன் என்று போட்டார். எண் ஏற ஏறத் தூரத்துப் பறவை பெரிதாகத் தெரியும். பிரைம் என்றால் ஒரே தூரம்தான், ஜூம் மாதிரி கிட்டே எட்டே போகாது. ஆனால் வாய் அகலம். மங்கலிலும் வெளிச்சத்தை வாரி உள்ளே இழுக்கும். எனக்கு டைப் அடிக்க வராது. மைக்கை அழுத்தி, "எனக்கு, எனக்கு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.

அன்று மாலையே சார் பட்டறைக்கு வந்தார். அவர் பட்டறைக்கு வந்ததே அதுதான் முதல் தடவை.

"அவசரப்பட்டுட்டீங்க பாய்."

"இன்னா சார், லென்சு நல்லா இல்லியா?"

"லென்ஸ் ஃபர்ஸ்ட் கிளாஸ். உங்களுக்கு சரிப்படாது. பறவை திடீர்னு கிட்ட வந்துட்டா என்ன பண்ணுவீங்க? பின்னாடி ஓடுவீங்களா? பின்னாடி சாக்கடை!"

பட்டறையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"நூறுலேருந்து நானூறு வரைக்கும் ஒரு ஜூம் வாங்குங்க. கூட ஒரு கன்வர்ட்டர். சின்ன வளையம், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவுல மாட்டறது. நானூறு ஐந்நூத்தி அறுபது ஆயிடும். யோசிச்சுப் பாருங்க பாய், அந்த பிரைம் வெறும் ஐந்நூறு. நீங்க ஐந்நூத்தி அறுபது!"

ஐந்நூற்று அறுபது. மனுஷன் என்னை நன்றாகப் படித்து வைத்திருந்தார்.

தன்னுடைய ஜூமையும் கன்வர்ட்டரையும் கொண்டுவந்து சோதித்துப் பார்க்கவும் வைத்தார். மறுநாள், உச்சி வெயில். ஏரி நடுவே பட்டுப்போன மரத்தில் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. எடுத்தேன். கண்ணாடி மாதிரி வந்தது. கேட் சாத்தியிருக்கும்போது பார்த்தால் எல்லாக் கீலும் நல்ல கீல்தான்; பாரத்தோடு திறந்து பார்த்தால்தான் வண்டவாளம் தெரியும். இதை என் பட்டறையில் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்! அன்று எனக்குத் தோன்றவில்லை. சொன்னவர் சார் ஆயிற்றே.

கரையிலேயே உட்கார்ந்து குழுவில் மைக்கை அழுத்தினேன். "எனக்கு அந்த லென்சு வேணாம்பா, நான் ஜூம் எடுத்துக்கறேன்." சார் பக்கத்தில்தான் இருந்தார். "நல்ல முடிவு பாய்" என்று என் தோளைத் தட்டினார்.

ஜூமும் கன்வர்ட்டரும் வந்தன. "கோழிக்கடைக்குப் போனா கிட்டவே நின்னு பாக்கலாம், இதுக்கு இம்மாம் நீளக் குழாயா?" என்றாள் என் மனைவி. பகலில் படம் பிரமாதமாக வந்தது. விடிகாலையில்தான் வினை. கன்வர்ட்டர் வெளிச்சத்தில் பாதியைத் தின்றுவிடும். லென்ஸ் இருட்டில் சாவித் துவாரத்தைத் தேடுகிற குடிகாரன் மாதிரி முன்னும் பின்னும் தடவிக்கொண்டே இருக்கும். அது பறவையைப் பிடிப்பதற்குள் முக்குளிப்பான் முங்கிவிடும். விழுந்த படமும் கலங்கல்.

"கை நடுங்குது பாய். பழகணும், பொறுமையா இருங்க" என்பார் சார்.

இரும்பை நேர்கோட்டில் பற்றவைத்த கை. அதில்தான் குறை என்று நானே நம்பினேன். வீட்டில் மாடிக்குப் போய் செங்கல்லைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்று பழகினேன். 

பிறகு சாருக்கு முட்டி வலி வந்தது. "இந்த சனிக்கிழமை நீங்க மட்டும் போய்ட்டு வாங்க பாய்" என்றார். அடுத்த சனிக்கிழமையும் அதே வலி. நான் தைலம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒரு புதன்கிழமை குழுவில் சார் படம் போட்டார். முக்குளிப்பான். முதுகில் குட்டித் தலை. எல்லோரும் கைதட்டுகிற பொம்மையாகப் போட்டார்கள். நானும் மாஷா அல்லாஹ் என்று மைக்கில் சொல்லத்தான் போனேன். படத்தை விரலால் விரித்துப் பார்த்தேன். பின்னால் நாணலில் இருந்த பனித்துளிகள் ஒவ்வொன்றும் பெரிய பெரிய வட்டமாக, பால் மாதிரி கரைந்திருந்தன. எங்கள் ஜூமில் கன்வர்ட்டரோடு அந்தத் துளி சின்னதாக, ஓரம் தெளிவாகத்தான் விழும். அகலவாய் லென்ஸில் மட்டும்தான் அப்படிக் கரையும். 

வெளிநாட்டுக்குப் போன சாஃப்ட்வேர்க்காரருக்கு வாட்ஸ்அப்பிலேயே போன் போட்டேன்.

"உங்க லென்சு இப்ப யார்கிட்ட கீது தம்பி?"

"அங்கிள், உங்களுக்குத் தெரியாதா? நீங்க வேணாம்னு சொன்ன அன்னிக்கு சாயங்காலமே சார் வந்து எடுத்துட்டுப் போயிட்டாரே. நீங்கதான் அனுப்பினதா சொன்னாரு."

நான்தான் அனுப்பினேனாம்.

அந்தச் சனிக்கிழமை நான் சார் வீட்டு வாசலில் நிற்கவில்லை. நேரே ஏரிக்குப் போனேன். முட்டி வலிக்காரர் கரையில் கேமரா முக்காலி போட்டு, மேலே அந்தப் பீரங்கியை வைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"பாய்…"

"உக்காருங்க சார். முட்டி வலிக்கப் போவுது."

அவர் லென்ஸுக்கு மூடி போட்டார். பிறகு, "நீங்க நெனச்சா புதுசே வாங்கிடுவீங்க பாய். எனக்கு பென்ஷன். இந்தப் பழசை விட்டா எனக்கு ஜென்மத்துக்கும் கிடையாது" என்றார்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா வுட்டுக் குடுத்திருப்பேனே சார்!"

"குடுத்திருப்பீங்க. அப்புறம் நான்தான் சாருக்கு விட்டுக் குடுத்தேன்னு தாம்பரம் பூரா சொல்லியிருப்பீங்க."

சொல்லியிருப்பேன். நிச்சயம் சொல்லியிருப்பேன். கொடுத்ததைச் சொல்வதில் என்ன தப்பு? சொல்லாமல் எடுத்ததை விடவா? இதை அவரிடம் கேட்க வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவர் முகத்தில் வெட்கம் இருந்தால் கேட்டிருப்பேன். அதில் ஒரு நிம்மதிதான் இருந்தது, சொல்லித் தீர்த்துவிட்ட நிம்மதி. ஒவ்வொரு சனிக்கிழமையும் என் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டு வந்தவர் இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

திங்கட்கிழமை கேமராக் கடைக்குப் போனேன். பிரைம் லென்ஸை எடுக்கச் சொன்னேன். எடுத்த கடைக்காரர் கூடவே ஒரு ஜூமையும் கண்ணாடி மேஜையில் வைத்து ஆரம்பித்தார்.

"சார், இதுல கன்வர்ட்டர் போட்டா…"

"அத்த உள்ள வை. கடை லைட்டெல்லாம் அணை."

"சார்?"

"ஷட்டரையும் பாதி எறக்கு. இருட்டுல இது பிடிக்குதான்னு பாக்கணும்."

அரை இருட்டில் கடைக் கோடியில் இருந்த சாமி படத்தைக் குறிவைத்தேன். ஒரே பிடியில் பிடித்தது. "வீட்ல, ஃபிரெண்ட்ஸ் யாரையாவது கேட்டுட்டு வரீங்களா சார்?" என்று அவர் பணிவாகத்தான் கேட்டார். நான் பில் போடச் சொன்னேன்.

புது லென்ஸோடு நான் ஏரிக்குப் போனபோது குஞ்சுகள் வளர்ந்துவிட்டிருந்தன. தாய் முதுகில் ஏறாமல், பின்னால் தனித்தனியாக நீந்திக்கொண்டிருந்தன. நான் கரையின் இந்தக் கோடியில், சார் அந்தக் கோடியில். நடுத்தண்ணீரில் இருந்த அதே பறவையை இரண்டு பிரைம் லென்ஸ்கள் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து அவர் கையைத் தூக்கியது என் ஓரக்கண்ணில் தெரிந்தது. நான் கேமராவிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.