தேங்காய் உடைத்த பிறகு நின்ற கான்கிரீட்

பாலம் கட்டும் வேலையில் மண்ணுக்கு மேலே தெரியும் பாதிக்குப் பாராட்டு கிடைக்கும், உள்ளே போகும் பாதிக்குத் திட்டு கிடைக்கும். சைட் வெயிலில் காய்ந்து கருவாடான சகாக்களே, உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? இண்டூர்ப் பக்கம் ஓர் ஓடைப் பாலத்துக்கு நான் இன்ஜினியர்.

யானைக் குழி

அக்கரையில் தக்காளி போட்டிருந்த கோவிந்தன் தினமும் வந்து எங்களை மேற்பார்வை பார்ப்பார். சம்பளம்தான் இல்லை. இந்தத் தூணுக்கு ஏன் இத்தனை அகல அஸ்திவாரம் என்று கேட்டார். வெள்ளம் பக்கவாட்டில் தள்ளும்போது தூண் வளையப் பார்க்கும், அந்த வேகத்தை அடியில் இதுதான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றேன். குழியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"தூணுக்கு மாதிரி தெரியலீங்க மேடம். யானையப் பொதைக்கப் போறீங்களா?"

எழும்பிய கால்

கான்கிரீட் போடும் நாள். பூஜை முடிந்து தேங்காயும் உடைத்தாயிற்று. கடைசியாகக் குழியில் இறங்கிப் பார்த்தேன். தூண் கம்பிகளின் அடியில் 'எல்' போல மடக்கிய கால், வரைபடத்தில் இருந்ததில் பாதிதான் இருந்தது. கம்பி மேஸ்திரி முருகேசன் வருஷக்கணக்காக வீடு கட்டியவர். வீட்டுத் தூணுக்கான அளவைக் கைப்பழக்கத்தில் மடக்கிவிட்டார்.

வேலையை நிறுத்தினேன். "இன்னிக்குப் போடலன்னா நீங்க வேற சைட் பாத்துக்கலாம்" என்று போனில் கத்தினார் கான்ட்ராக்டர். நான் குழியைவிட்டு ஏறவில்லை. சாரத்தில் நின்ற இருவரைக் கம்பிக்கூட்டின் உச்சியைத் தள்ளச் சொன்னேன். தள்ளிய பக்கத்துக் கால்கள் கட்டுக்கம்பியை அறுத்துக்கொண்டு எழும்பின, எதிர்ப்பக்கம் அழுந்தியது. "வெள்ளமும் இதைத்தான் செய்யும். எழும்புகிற கம்பியைக் கான்கிரீட் இறுக்கிப் பிடிக்க நீளக் கால் வேணும்" என்றேன். முருகேசன் குனிந்து அந்தக் காலையே பார்த்தார்.

"தேங்கா ஒடச்சப்பறம் நிறுத்தக் கூடாதுங்க மேடம். ஆனா இது எந்திரிக்குதே! பிரிச்சிடலாங்க. சாமிக்கு வேற தேங்கா ஒடச்சிக்கலாம்."

புளியமரம்

நீளக் கால் வைத்துத் தூண்கள் எழும்பிவிட்டன, மேல்தளம் போடுவதற்குள் மழை முந்திக்கொண்டது. ஓடை பொங்கி, வேரோடு ஒரு புளியமரத்தை உருட்டிவந்து நடுத்தூணில் மோதியது. எல்லோரும் கரையில் நின்று பார்த்தோம். தூண் நின்றது. மரம்தான் திரும்பிப் படுத்து வழுக்கிக்கொண்டு போயிற்று. முருகேசன் ஓடையைப் பார்த்துக் கும்பிட்டார். கான்ட்ராக்டர் அடுத்த பாலத்தின் வரைபடத்தை என்னிடம் நீட்டினார். கோவிந்தன்தான் அக்கரையிலிருந்து கத்தினார்.

"உள்ள பொதச்ச யானை புடிச்சிக்கிச்சிங்க மேடம்!"

மண்ணுக்குள் போன பாதிக்கு என் சர்வீசில் கிடைத்த ஒரே பாராட்டு அது, அதுவும் யானைக்குத்தான் போயிற்று.