பதினான்கு ஊர்களுக்கு ஒரு வகுப்பு

ஜெயக்கொடி பேரையூர்ப் பக்கம் பிறந்தவள். பாலிடெக்னிக் முடித்ததும் மதுரையில் ஒரு பொறியியல் கல்லூரியின் கணினி மையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. பாஸ்போர்ட் எடுத்ததில்லை. ஆனாலும் நேபாளத்திலும் லாவோசிலும் ஐரோப்பாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருக்கிற நெட்வொர்க் பொறியாளர்கள் சிலருக்கு அவள் குரல் நன்றாகத் தெரியும்.

அதற்குக் காரணம் ஒரு வகுப்பு. நகரத்துக் கண் ஆஸ்பத்திரி ஒன்றில் வியாழக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு ஓர் அறுவைச் சிகிச்சையை ஜெயக்கொடியின் கணினி மையம் வழியாக நேரலையாக அனுப்புவார்கள். பத்து நாடுகளில் பதினான்கு சின்ன ஆஸ்பத்திரிகள் அதைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கும். பதினான்கு பேருக்கும் தனித்தனியாகப் படம் அனுப்பினால் லைன் தாங்காது. மல்டிகாஸ்ட் என்கிற முறையில் மதுரையிலிருந்து ஒரே ஒரு பிரதிதான் கிளம்பும். பாதை பிரிகிற இடத்தில் மட்டும் அது இரண்டாகும், அதுவும் அந்தப் பக்கம் கேட்பவர் இருந்தால்தான். இதற்கு வழியிலுள்ள பல்கலைக்கழகங்களை இணைக்கிற ஒவ்வொரு நாட்டு ஆராய்ச்சி வலையமைப்பும், தரவுக்கு வழிகாட்டுகிற தன் ரூட்டரைத் திறந்து வைத்திருக்க வேண்டும். ஒருவர் அடைத்துவிட்டால் அதற்கப்பால் படம் கிடையாது. எல்லோரையும் சேர்த்துப் பிடித்துவைக்க ஒரு குழு இருந்தது. நாற்பது பேராக இருந்த குழு ஒன்பதாகச் சுருங்கியபோது, வேறு ஆளில்லாமல் ஒருங்கிணைப்பு வேலை ஜெயக்கொடி தலையில் விழுந்தது.

போன ஏப்ரலில் ஐரோப்பிய ஆராய்ச்சி வலையமைப்பின் பொறியாளர் மார்த்தா எழுதினாள். மதுரை வகுப்பில் பாதி அவளுடைய வலையமைப்பு வழியாகத்தான் போனது. புதிய ரூட்டர்கள் வருகின்றன, மல்டிகாஸ்டை யாரும் பயன்படுத்துவதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது, இன்னும் பத்தொன்பது நாளில் நிறுத்துகிறோம், நான் எதிர்த்துப் பார்த்தேன், மன்னித்துவிடு என்றிருந்தது.

ஜெயக்கொடி அன்றைக்கே மாற்றுப் பாதை தேட உட்கார்ந்தாள். எட்டு வலையமைப்புகள் சம்மதித்தால் மார்த்தாவின் பக்கம் போகாமலே பதினான்கு ஊரையும் தொடலாம். எட்டுப் பேருக்கும் எழுதினாள். ஒருவர் விடுப்பில் இருந்தார். ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அந்த இன்னொருவர் திரும்ப முதலாமவரையே கைகாட்டினார். பஸ்ஸில் போகும்போதும் போனில் கடிதங்களைத் திறந்து திறந்து பார்த்தாள். மைய இயக்குநர் அசோக்குமாரிடம் போய் நின்றாள்.

"ரெக்கார்டு பண்ணி அனுப்பிச்சுவிட வேண்டியதுதானம்மா. எதுக்கு இம்புட்டு அல்லாடுறீங்க?"

"ரெக்கார்டுகிட்ட கேள்வி கேக்க முடியாது சார்."

அவர் கோப்பைப் புரட்டத் தொடங்கினார்.

பதினைந்தாம் நாளுக்குள் ஏழு பேர் சம்மதித்துவிட்டார்கள். எட்டாவது ஆள் வில்ஃபிரெட். ஆப்பிரிக்காவிலுள்ள மலாவிக்குப் போகிற பாதை அவர் கையில் இருந்தது. பதினொரு வருடமாகக் குழுவில் இருந்த மனிதர், மூன்று மாதமாகக் கூட்டத்துக்கு வரவில்லை. குழுவுக்கு அவர் கொடுத்திருந்த முகவரிக்கு ஜெயக்கொடி நான்கு முறை மரியாதையாக எழுதினாள். ஐந்தாவது முறை பொறுக்க முடியவில்லை. "ஒரு வரி பதில் எழுத உங்களுக்கு என்ன கேடு? உங்கள் சோம்பேறித்தனத்தால் அங்கே ஒரு மாவட்டத்துக்கே இருக்கிற ஒரே கண் டாக்டருக்கு வகுப்பு அடைபடப் போகிறது" என்று எழுதிவிட்டாள்.

புதன்கிழமை மதியம் பதில் வந்தது. எழுதியது அவர் மகள். "அப்பா பிப்ரவரியில் இறந்துவிட்டார். அவருடைய சொந்த மின்னஞ்சலை இன்றுதான் திறக்க முடிந்தது. உங்கள் ஐந்து கடிதங்களும் இருந்தன."

ஜெயக்கொடி எழுந்து வராந்தாவுக்குப் போனாள். குழாயைத் திறந்து முகத்தைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். செத்துப்போன மனிதரைச் சோம்பேறி என்று எழுதியிருக்கிறாள், அதை அவர் பெற்ற பெண் படித்திருக்கிறாள்.

அழுதுகொண்டிருக்கவும் நேரமில்லை. விடிந்தால் மார்த்தாவின் பக்கம் நின்றுவிடும். வில்ஃபிரெட்டின் அலுவலகத்துக்குப் போன் போட்டாள். மூன்று பேர் கைமாறி நான்காவதாக வந்தவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அந்த ரூட்டரை அவர் மட்டும்தான் தொடுவார். எங்களுக்கு அதில் ஒன்றும் தெரியாது. தொட்டு ஏதாவது ஆனால் ஆறு பல்கலைக்கழகத்துக்கு இணையம் நின்றுபோகும். அடுத்த மாதம் எங்கள் நிர்வாகக் குழு கூடித்தான் முடிவெடுக்க முடியும்." நான் சொல்லச் சொல்ல நீங்கள் செய்யுங்கள் என்று கெஞ்சினாள். மாட்டேன் என்றார். மார்த்தாவிடம் ஒரே ஒரு வாரம் கேட்டாள். பழைய ரூட்டர்களைக் கழற்ற ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள் என்றாள் மார்த்தா.

மலாவியில் வகுப்பைப் பார்க்கிறவர் டாக்டர் சிக்கொண்டி. அந்த மாவட்டத்துக்கே ஒரே கண் மருத்துவர். கருவிழி கிழிந்த ஒரு சிறுமி அவருடைய ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். வெள்ளிக்கிழமை தையல். இந்த வியாழக்கிழமை அதையே செய்து காட்டும்படி அவர்தான் கேட்டிருந்தார்.

வியாழக்கிழமை காலை ஜெயக்கொடி கல்லூரிக்குப் போகவில்லை, நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். அறுவை அரங்குக்குப் பக்கத்து அறையில் ஜலால் இருந்தான். பதினொரு வருடமாக இந்த வகுப்புக்குக் கேமரா பார்க்கிறவன். பதினொரு மணிக்கு எண்ணினாள். பதிமூன்று ஊர்கள் திரையில் பச்சையாக எரிந்தன. மலாவி எரியவில்லை. சாதாரண இணையத்தில் தனியாக ஒரு பிரதி அனுப்பிப் பார்த்தாள். நான்கு நொடி வந்து படம் உறைந்தது. மறுபடி அனுப்பினாள், மறுபடியும் உறைந்தது.

அவள் சிக்கொண்டியைப் போனில் பிடித்தாள். ஸ்பீக்கரைப் போட்டு ஜலாலின் வாய்க்கு முன்னால் நீட்டினாள்.

"ஜலாலு, ஸ்கிரீன்ல பாக்குறத அப்படியே சொல்லு. ஒண்ணு விடாம."

"யக்கா, நான் டாக்டரா? என் இங்கிலீசு..."

"எத்தன தையல் பாத்திருப்ப? எந்த எடத்துல ஊசி எறங்குதுன்னு உனக்குத் தெரியாதா? சொல்லுப்பா, கையெடுத்துக் கும்புடுறேன்."

ஜலால் சொன்னான். ஊசி எத்தனை ஆழம் போகிறது, விளிம்பிலிருந்து எம்புட்டுத் தூரம், முடிச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று, தெரிந்த இங்கிலீஷில் நாற்பது நிமிடம். வியர்வை தாடியில் சொட்டியது. ஜெயக்கொடியின் கை மரத்துப்போயிற்று, போனை இறக்கவில்லை. நடுவில் சிக்கொண்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஜலால் அதை அரங்கு மைக்கில் சொல்ல, உள்ளிருந்த டாக்டர் கையை நிறுத்திப் பதில் சொன்னார்.

சனிக்கிழமை சிக்கொண்டியிடமிருந்து செய்தி வந்தது. தையல் பிடித்திருக்கிறது, குழந்தைக்கு வெளிச்சம் தெரிகிறது, அதற்கு மேல் பார்வை வருமா என்று இப்போது சொல்ல முடியாது. ஜெயக்கொடி அதைப் படித்துவிட்டு, வில்ஃபிரெட்டின் மகளுக்கு எழுத உட்கார்ந்தாள். நான்கு வரி எழுத இரண்டு மணி நேரமாயிற்று. அந்தப் பெண் பதில் எழுதவில்லை.

மலாவிப் பாதை இன்றுவரை திறக்கவில்லை. அங்கே நிர்வாகக் குழு கூடுவது தள்ளித் தள்ளிப் போகிறது. வியாழக்கிழமைதோறும் ஜலால் போனில் பேசுகிறான்.

தன் ஒருங்கிணைப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் ஜெயக்கொடி ஒரே ஒரு விஷயம்தான் பேசினாள். ஒவ்வொரு வலையமைப்பும் இரண்டு பெயர் தர வேண்டும். ஒருவர் இல்லாமல் போனால் ரூட்டரைத் தொடத் தெரிந்த இன்னொருவர். ஒரு வாரத்தில் ஆறு இடங்களிலிருந்து பெயர் வந்தது. மதுரைக்கான பெயரைக் கேட்டு அவள் அசோக்குமாரிடம் போனாள்.

"இதுக்குன்னு யாரம்மா இருக்கா? நீங்கதான் இருக்கீகள்ல" என்றார் அவர்.

அவள் தன் இருக்கைக்கு வந்து பட்டியலைத் திறந்தாள். மதுரைக்கு நேரே இரண்டாவது பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டு, அப்படியே எல்லோருக்கும் அனுப்பினாள்.