கிரேக்கத்திலிருந்து காரிமங்கலம் வரை

எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கோடையில், காரிமங்கலத்தின் சுகாதார வரலாற்றில் இடம்பெறத்தக்க முடிவொன்று டீக்கடை பெஞ்சில் எடுக்கப்பட்டது. சந்தையில் டாக்டர் சிவலிங்கம் ஆற்றவிருந்த சீதபேதி பற்றிய உரை, நோயின் பெயரிலிருந்து தொடங்கும். முடிவெடுத்தவர்கள் அவரும், உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலம் நடத்திய நானும். சென்ற வாரம் அவர் மகள் போனில், "அப்பா போயிட்டாருங்க சார்" என்றபோது முதலில் நினைவுக்கு வந்தது அந்த பெஞ்சுதான்.

"தண்ணியக் காய்ச்சிக் குடிங்கன்னு மொதல்லயே சொல்லிடட்டுமா?" என்று கேட்டவர் அவர்.

"அது முடிவுரைங்க டாக்டர். மொதல்லயே சொல்லிட்டா அப்புறம் என்ன பேசுவீங்க?" என்றவன் நான்.

அவர் நன்றாகவே பேசினார். 'டிசென்ட்ரி' கிரேக்கத்தில் பிறந்த சொல். 'டிஸ்' என்றால் கெட்ட, 'என்டெரா' என்றால் குடல் என்றார். கூடையோடு முன்னால் உட்கார்ந்திருந்த வெற்றிலைக்காரர் முனுசாமி எழுந்தார்.

"கொடலு கெட்டுப்போச்சுன்னு எங்களுக்கே தெரியுதுங்க டாக்டரய்யா. எங்க வூட்டுல ரெண்டு பேரு அதுலதான் படுத்துக் கெடக்கறாங்க. எதனால கெடுதுன்னு சொல்லுங்க."

"அதுக்குத்தான் வர்றேன். உக்காருங்க."

"வாங்க, வாங்க. பஸ்ஸு வர்றதுக்குள்ள வந்துருங்க."

சந்தையே சிரித்தது. டாக்டர் என்னைப் பார்த்தார். தொடருங்கள் என்று தலையசைத்தேன். சொல் லத்தீனுக்குப் போய், பிரெஞ்சில் சிறிது தங்கி, இங்கிலாந்துக்குக் கப்பலேறும் நேரத்தில் தருமபுரி பஸ் ஹார்ன் அடித்தது. கூட்டம் மூட்டைகளோடு ஓடியது. இண்டூர் போகவேண்டிய முனுசாமியும் ஓடினார். முடிவுரையைக் கேட்டவன் நான் ஒருவன்தான். என் வீட்டில் ஏற்கெனவே தண்ணீரைக் காய்ச்சித்தான் குடித்தோம்.

அதன்பின் அவரிடம் வைத்தியத்துக்குப் போன ஊர்க்காரர்களான உங்களுக்குத் தெரியும். நாடி பிடிக்கும் முன்பே, "தண்ணி காய்ச்சறீங்களா?" என்பார். பல்வலிக்காரரையும் விட்டதில்லை. என்ன நோய் என்று கேட்டால், "பேரு கெடக்குது, மொதல்ல பானைய அடுப்புல வைங்க" என்பார். கைராசியான டாக்டர், கொஞ்சம் கிறுக்கு என்றது ஊர். ஏன் அப்படி என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. என்னை ஒருமுறைகூடக் குறை சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம்.

அவருடையதென்று என்னிடம் இருப்பது அந்தக் கேள்விதான். வீட்டுக்கு வருபவர்களிடம், நலம் விசாரிக்கும் முன்பே கேட்டுவிடுகிறேன்.

அந்தக் கோடை முடிவதற்குள் முனுசாமி சீதபேதியில் இறந்தார். சந்தையில் அவர் இடத்தில் அவர் மனைவி வெற்றிலை விற்றார்.