புத்தகத்தில் நாலு முட்டை

எங்கள் அத்தைக்குக் கதைப் புத்தகம் பிடிக்காது. பம்பாய் மாதுங்காவில் ஆபீஸ் போகிற பெண்களெல்லாம் தொடர்கதைக்கு உயிரை விட்டுக்கொண்டிருந்த காலம் அது. அப்பாவின் தங்கையான அவள் மட்டும் கிங்ஸ் சர்க்கிளில் இருந்த வாடகை லைப்ரரியிலிருந்து கேக், புட்டிங், சாக்லேட் என்று தித்திப்பைப் பற்றியே பேசும் இங்கிலீஷ் புத்தகங்களாகப் பொறுக்கி எடுத்து வருவாள். கெட்டி அட்டை, வழுவழுத் தாள், பக்கத்துக்குப் பக்கம் வர்ணப் படம். வேறு யாரும் அவற்றைத் தொடுவதில்லை என்பதால் லைப்ரரிக்காரரும் அவசரப்பட்டுத் திருப்பிக் கேட்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா குறட்டை விட ஆரம்பித்ததும் அம்மா, அத்தை, நான் மூவரும் சமையலறைத் தரையில் தலையணையைப் போட்டுப் படுத்துக்கொள்வோம். அத்தை வரி வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டே போவாள். சாக்லேட்டை வெந்நீருக்கு மேல் வைத்து உருக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் அது பட்டுத் துணி மாதிரி மடிந்து மடிந்து விழ வேண்டும். தூரத்தில் ஹார்பர் லைன் ரயில் போகும். அன்று நாங்கள் சாப்பிட்டது தயிர் சாதமும் நார்த்தங்காயும்தான் என்றாலும் நாக்கில் ஏதோ கரைந்துகொண்டிருக்கும். நான் கண்ணை மூடிக்கொண்டு படத்தை மோந்து பார்ப்பேன். பழைய தாளின் வாசனை வரும். சீமைச் சாக்லேட்டின் வாசனையே அதுதான் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

முட்டை வருகிற இடத்தில் மட்டும் அத்தை குரலைத் தாழ்த்திக்கொள்வாள். அம்மா காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி பாவனை செய்வாள். எங்கள் வீட்டுக்குள் முட்டை நுழைந்ததே கிடையாது.

இந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு ஒரு வரன் வந்தது. வடக்கே ஏதோ ஓர் இரும்பாலை ஊரில் இஞ்சினியர். கல்யாணமானதும் பெண் வேலையை விட்டுவிட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அத்தை ஃபோர்ட் பக்கம் ஓர் ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தாள். காலையில் ஈரத் தலையை முடிந்துகொண்டு ரயிலுக்கு ஓடும்போது அவள் முகத்தில் இருக்கும் களையை நான் கோயிலில்கூடப் பார்த்ததில்லை. வேலையை விடுவதைப் பற்றி அப்பா கேட்டதற்கு அவள் ஒன்றும் சொல்லவில்லை. மௌனம் என்றால் சம்மதம் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தைப் பிரித்தபோது அம்மா மட்டும், “நீ போயிட்டா யாருடி எனக்கு இதையெல்லாம் படிச்சுச் சொல்லுவா?” என்றாள். அத்தை பக்கத்தைப் புரட்டாமலே வெகுநேரம் படுத்திருந்தாள்.

பையன் நாகரிகமானவன் என்று தரகர் சொல்லிவைத்திருந்தார். அதனால் பெண் பார்க்க வரும்போது வழக்கமான சொஜ்ஜி, பஜ்ஜியோடு ஒரு சாக்லேட் கேக்கும் இருக்கட்டும் என்று அப்பாவே உத்தரவு போட்டார். கேக் சுடுகிற ‘அவன்’ அடுப்பு எங்களிடம் ஏது? குமுட்டி அடுப்பின் மேல் பெரிய உருளி, உருளிக்குள் மணல், மணலின் மேல் மாவுக் கிண்ணம், மூடிய தட்டின் மேல் தணல். முட்டைக்குப் பதிலாகத் தயிரும் ஆப்ப சோடாவும். அத்தை கலக்கக் கலக்க அம்மாதான் தயிரை ஊற்றினாள். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன். வீடு முழுக்கக் கோக்கோ மணத்தது. கேக் எழும்பி நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

பையனும் அவன் அப்பா அம்மாவும் வந்தார்கள். சொஜ்ஜியைத் தொட்டுவிட்டுக் கேக்குக்குத் தாவினார்கள். பையன் இரண்டு துண்டை முடித்து மூன்றாவதற்குக் கை நீட்டினான். அப்பாவும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு பெருமையோடு எல்லாரையும் பார்த்தார். பையனின் அம்மாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே என்றவள், அலமாரியின் மேல் இருந்த புத்தகத்தைப் பார்த்தாள். பிறகு அத்தையிடம், “ஏம்மா, இதுல முட்டை கிட்டை ஏதாவது சேர்த்திருக்கோ?” என்று கேட்டாள்.

அத்தை தலையைக் குனிந்துகொண்டு, “புஸ்தகத்துல நாலு முட்டைன்னு போட்டிருக்கு மாமி” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இல்லை மாமி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தை என் பின்னலைப் பிடித்துச் சுண்டி இழுத்தாள். கதவோரம் நின்ற அம்மாவை நம்பிக்கையோடு பார்த்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மாவோ காப்பி ஆறிவிடும் என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது கலவரம். பையன் வாயிலிருந்ததைத் துப்ப ஜன்னலுக்கு ஓடினான். அவன் அம்மா குழாயடியில் வாயைக் கொப்பளித்த சத்தம் மாடிவரை கேட்டிருக்கும். வந்தவர்கள் காப்பியைக்கூடத் தொடாமல் இறங்கிப் போனார்கள். அப்பா ஸ்நானம் செய்துவிட்டு வந்து, ஈரத் துண்டோடு ஹாலில் இடிந்துபோய் உட்கார்ந்தார். முட்டையே போடவில்லை அப்பா என்று மெதுவாகச் சொன்னேன். எனக்காகப் பொய் சொல்லாதே கண்ணு என்று என் தலையைத் தடவினார். ஏன் யாருமே நிஜத்தைச் சொல்லவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அத்தைக்கு அவ்வளவு நல்ல இடம் போயிற்றே என்று துக்கமாகவும் இருந்தது.

அத்தையைத் தேடிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். அவளும் அம்மாவும் சுவரைப் பார்த்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் கேக் தட்டு. இருவரும் உப்பியிருந்த வாயை முந்தானையால் அழுத்திப் பொத்திக்கொண்டிருந்தார்கள். தோள்கள் குலுங்கின. அம்மாவின் கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் வழிந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பி வந்து, இருவரும் தேம்பித் தேம்பி அழுகிறார்கள் என்று அப்பாவிடம் சொன்னேன்.

அப்பாவின் முகம் இளகிப்போயிற்று. “பாவம், மனசு ஒடிஞ்சு போயிருக்கா. இனிமே அவளா வாயைத் திறந்து கேக்கற வரைக்கும் இந்தக் கல்யாணப் பேச்சே வேண்டாம்” என்றார். அந்தச் சொல்லைக் கடைசிவரை காப்பாற்றவும் செய்தார். வாய் நிறையக் கேக்கை அடைத்துக்கொண்டு யாராவது அழுவார்களா என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.