அணில் பிரித்த சட்டைப்பை

வீட்டுத் தோட்டத்தில் அப்பா இரண்டு பாத்தி மல்லாட்டை விதைத்திருந்தார். முளை வருவதற்குள் காக்காயும் அணிலும் பாதிக் கடலையைத் தோண்டித் தின்றுவிட்டன. பொம்மை கட்டலாம் என்று முடிவாயிற்று.

"ஒரு பழைய சட்ட குட்றா."

"கொடியில வெள்ளச் சட்ட ஒண்ணு கெடக்குது, எடுத்துக்கோப்பா," என்றேன், புத்தகத்திலிருந்து தலை தூக்காமல். வெள்ளிக்கிழமை திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு இன்டர்வியூ. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். படித்து முடித்து ஒரு வருடமாக வேலை இல்லை.

வைக்கோல் திணித்து, கரிச்சட்டி தலையோடு பொம்மை நின்றது. படிக்கிற நேரம் போக ஜன்னலில் அதைத்தான் பார்த்தேன். முதல் நாள் காலையில் மட்டும் எல்லாம் பயந்தன. மத்தியானம் ஒரு கரிச்சான் சட்டித் தலையில் உட்கார்ந்து, பறக்கிற பூச்சியைப் பாய்ந்து பிடித்து, திரும்ப அங்கேயே வந்து உட்கார்ந்தது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து காலடியில் சத்தம் போட்டுச் சண்டை பிடித்தன.

மறுநாள் அணில் வந்தது. கொஞ்ச நேரம் பின்னங்காலில் நின்று முறைத்தது. பிறகு பொம்மையின் மார்பில் ஏறி, சட்டைப்பையின் தையலைப் பல்லால் பிரித்தது. நூலை முன்னங்கைகளால் உருட்டி, வாய் நிறைய அடைத்துக்கொண்டு முருங்கை மரத்துக் கூட்டுக்கு ஓடியது. எத்தனை தடவை! எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில், இன்டர்வியூவுக்கென்று வாங்கிய புது வெள்ளைச் சட்டையைக் காணோம்.

"மொறமொறன்னு இருக்குதேன்னு வாங்கின அன்னிக்கே தொவச்சிக் கொடியில போட்டேனே," என்றாள் அம்மா.

மூன்று பேரும் தோட்டத்தைப் பார்த்தோம்.

"நீதானடா எடுத்துக்கச் சொன்ன!" என்றார் அப்பா.

"இன்டர்வியூவுக்கு பொம்மயையே அனுப்பிடலாம்," என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே பொம்மையிலிருந்து சட்டையைக் கழற்றி, அதன் தோளில் இருந்த எச்சத்தைக் கழுவினாள். பாதி தொங்கிய பையை முழுசாகப் பிரித்துவிட்டாள். "பாக்கெட் இல்லன்னா வேல குடுக்க மாட்டாங்களா? ஜல்தி கெளம்பு."

ஈரச் சட்டை, நான் விழுப்புரத்தில் பஸ் ஏறித் திண்டிவனம் போவதற்குள் காய்ந்துவிட்டது.

ஆறாம் வகுப்பில் பாடம் நடத்திக் காட்டச் சொன்னார்கள். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கரும்பலகையில் எழுதுவதற்காக, கையிலிருந்த பேனாவைப் பழக்கத்தில் மார்பில் செருகினேன். அது நேராகத் தரையில் விழுந்தது. எடுத்து மறுபடியும் செருகினேன். மறுபடியும் விழுந்தது. வகுப்பே சிரித்தது.

வேறு வழி தெரியாமல் நடந்ததைச் சொன்னேன். கரிச்சானைச் சொன்னேன், அணில் நூல் உருட்டுவதைக் கையால் செய்தே காட்டினேன். எந்த உயிர் எதை வைத்துக் கூடு கட்டும் என்று பிள்ளைகளே கத்திக் கத்திச் சொன்னார்கள். நான் தயாரித்துப் போன பாடம் அப்படியே நின்றுவிட்டது.

"சார், குட்டி எத்தன சார்?" என்றாள் முன் வரிசைப் பெண் ஒருத்தி.

"தெரியலம்மா. பாத்துட்டுத்தான் சொல்லணும்."

கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது. "திங்கக்கிழம வந்து சொல்லுங்க சார். ஒன்பது மணிக்கு பெல்லு."

எனக்கு அது புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க முருங்கை மரத்தடியிலேயே இருந்தேன். சாயந்திரம் கூட்டுக்கு வெளியே மூன்று மூக்கு தெரிந்தது.