சர்ச்சில் மாட்டிய உபய ஃபேன்

திண்டிவனத்தில் நான் இருந்த எலக்ட்ரிக் கடையில் என்னைத் தனியாக அனுப்பிய முதல் வேலை, ஒரு பழைய சர்ச்சில் ஃபேன் மாட்டுவது. அறுபதுகளின் தொடக்கம். "சொதப்பினா மறுநாளே மல்லாட்டை பிடுங்கப் போயிடு" என்று சொல்லித்தான் முதலாளி அனுப்பினார். எங்கள் பக்கம் மல்லாட்டை என்றால் நிலக்கடலை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் கட்டிய சர்ச் அது. இரண்டு முழத் தடிச் சுவர், பனைமர உயரத்தில் தேக்கு உத்திரம், இரு பக்கமும் கூர்வளைவு வைத்த நெட்டை ஜன்னல்கள், சூடு வெளியேறக் கூரையை ஒட்டி வட்டத் துவாரங்கள். காற்றுக்கென்றே கட்டியதுபோல இருந்தது. புறா நுழைகிறது என்று துவாரங்களைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பஸ் சத்தம் கேட்கிறது என்று ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பிறகு, புழுங்குகிறது என்று கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது.

ஃபேன் வாங்கிக் கொடுத்தவர் கமிட்டித் தலைவர், ரைஸ் மில் ஞானமுத்து. மூன்று இறக்கைகளிலும், இறக்கைக்கு ஒன்றாகச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருந்தது: உபயம், ஞானமுத்து, ரைஸ் மில்.

உத்திரத்தை ஒட்டி மாட்டினேன். அவர் முதல் பெஞ்சில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாப்பா, ஒரு எழுத்தும் தெரியலியே? கீழ எறக்கு."

நீளக் குழாய் போட்டு இறக்கினேன். இறக்கை பிரசங்க மேடைக்கு நேராக வந்து நின்றது. அந்த மேடை ஆள் உயரத்தில், படியேறிப் போகிற மர மேடை. பிரசங்கம் சூடு பிடித்தால் போதகர் ஐயர் கையை வீசுவார். எனக்குப் பெரியவர்களிடம் வாய் எழாது. திக்கித் திணறி, "ஐயரு கை பட்டுடுங்க" என்றேன்.

"மடக்கிக்கினு பேசட்டும். கையை ஆட்டச் சொல்லி வேதத்துல இருக்கா?"

பக்கத்தில் நின்ற ஐயர் அப்போதே கையைக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபித்துப் பிரதிஷ்டை செய்தார்கள். சுவிட்சைப் போட்டேன். காற்று வந்தது, பெயர் போய்விட்டது. சிவப்பு வட்டம் ஒன்றுதான் சுற்றியது. ஞானமுத்து முதல் பெஞ்சிலிருந்து திரும்பி, குறை, குறை என்று சைகை காட்டினார். ரெகுலேட்டரைக் கடைசிப் புள்ளிக்குக் கொண்டுபோனேன். அப்போதும் வட்டம்தான். ஐயர் கட்டிய கையோடு பிரசங்கிக்க, பாதிச் சபை தூங்கிவிட்டது. ஞானமுத்து எழுந்து என்னிடமே வந்தார்.

"எம் பேரு எங்கடா? இரு, உன் மொதலாளியாண்ட பேசிக்கிறேன்."

மல்லாட்டைக் கொல்லை கண்முன் வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. சற்று நேரத்தில் பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மா, "யாராச்சும் ஜல்தியா ஜன்னலைத் தொறங்கப்பா, பேஜாரா கீது!" என்று சத்தம் போட்டார். திறந்தார்கள். குபுகுபுவென்று கடல் பக்கத்துக் காற்று புகுந்தது. நின்றுபோன ஃபேன் அந்தக் காற்றில் மெல்ல நகர ஆரம்பித்தது. உபயம் போனது, ஞானமுத்து வந்தது, பின்னாலேயே ரைஸ் மில் வந்தது. தூக்கம் கலைந்த சபை அண்ணாந்து எழுத்துக்கூட்டிப் படித்தது. ஐயர் தைரியமாக ஒரு கையை அவிழ்த்தார்.

ஞானமுத்து என் முதுகில் தட்டினார். "இதாம்ப்பா கரெக்ட் ஸ்பீடு. இனிமே இப்டியே ஓடட்டும்!"

என் வேலை தப்பியது. அந்தச் சர்ச்சில் பிறகு யாரும் சுவிட்சைப் போடவில்லை, ஜன்னலையும் சாத்தவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். உபய ஃபேன் என்றால், ஏணியைச் சாத்துவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: காற்று வர வேண்டுமா, பெயர் தெரிய வேண்டுமா? நான் கேட்டவரையில் ஒருவர்கூடக் காற்று என்று சொன்னதில்லை.