பின்னால் இடது பக்க டயர்

ஹபீபுன்னிசாவுக்குப் பயம் வந்தால் வாய் மூடிக்கொள்ளும். எனக்குப் பயம் வந்தால் வாய் ஓயாது. கூத்தாநல்லூரில் இருபத்தாறு வருஷமாக ஒரே சந்தில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறோம், அதனால் இதை நான் சொல்லலாம். அந்தப் புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு அவள் என் வாசலில் வந்து நின்று, ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தாள். ஏதோ கெட்டுப்போச்சு என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த நேரம் நான் கோணி ஊசியைத் தேடிக்கொண்டிருந்தேன். வீட்டுச் சாப்பாட்டுக்கு நிறுத்தின நெல்லில் நாலு மூட்டை இன்னும் வாய் தைக்காமல் கிடந்தது. ஊசியைத் தொலைத்தது என் வீட்டுக்காரர் பஞ்சநதம்தான் என்று முடிவு பண்ணி, விடிந்ததிலிருந்து அவரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தேன். அந்த மனுஷன் பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குந்தவை, கொஞ்சம் வா. டயர்ல காத்து இல்ல" என்றாள் ஹபீபா.

போய்ப் பார்த்தேன். பின்னால் இடது பக்க டயர் பாதிக்கு இறங்கி, வண்டி அந்தப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. வேறு எந்த நாளாக இருந்தாலும் பரவாயில்லை. இன்றைக்குப் பத்து மணிக்குத் திருவாரூரில் பிரேக் இன்ஸ்பெக்டர் அந்த வண்டியைப் பார்க்கப்போகிறார்.

அந்தக் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஹபீபாவின் வீட்டுக்காரர் அஹமது கபீர் குவைத்திலிருந்து லீவில் வந்தபோது வாங்கியது. வருஷத்தில் நாற்பது நாள் அவர் ஓட்டுவார். மீதி நாளெல்லாம் உறை போட்டு நிற்கும், பூனை குட்டி போடும். ஒருநாள் ஹபீபா அந்த உறையை எடுத்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மூணு மாசம் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் வாங்கி, சந்திலிருந்து வண்டியைப் பின்னாலேயே எடுத்தாள். தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அஹமது கபீரின் அண்ணன் மூஸா மட்டும், "பொம்பளைக்கு எதுக்கு வண்டி?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேலாக அவர் அந்தக் காரில் ஏறியதில்லை.

நாங்கள் எல்லோரும் ஏறியிருக்கிறோம். பிரசவத்துக்கு, கண் ஆபரேஷனுக்கு, பிள்ளைகளைப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விடுவதற்கு. நாலு வருஷத்துக்கு முன்னால் பஞ்சநதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரு தடவைகூட நிறுத்தாமல் ஓட்டினாள். வழி முழுக்க நான் கத்திக்கொண்டே வந்தேன், அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கு அவர் பேப்பர் படிக்கிறார் என்றால் அது அந்தக் காரால்தான்.

இப்போது பதினைந்து வருஷம் முடிந்தது. வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பித்தால் இன்னும் ஐந்து வருஷம் ஓட்டலாம். இன்னும் மூணு வாரத்தில் அஹமது கபீர் குவைத்தை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வருகிறார். போன வாரம் போனில் சொல்லியிருந்தார்: "ஒரு தடவை காட்டிப் பாரு. பாஸ் ஆகலேன்னா அன்னிக்கே குடுத்துடலாம். அண்ணன் ஆள் பேசி வச்சிருக்காங்க, புதன்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்குவாங்க. நான் வந்து புதுசு வாங்கி நானே ஓட்டுறேன். உனக்கு எதுக்கு இனிமே சிரமம்?"

நல்ல மனுஷன். அன்பாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் மோசம். கோபமாகச் சொல்லியிருந்தால் இவள் சண்டையாவது போட்டிருப்பாள்.

ஒரு மாசமாக ஹபீபா அந்த வண்டிக்குச் செய்யாத உபசாரம் இல்லை. வைப்பர் ரப்பர் புதுசு, ஹெட்லைட் பல்பு புதுசு, பிரேக்கைப் பிரித்துச் சரிபார்த்தாயிற்று, கதவில் துரு பிடித்த இடத்துக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. முதல்நாள் சாயங்காலம் புகைச் சான்றிதழும் வாங்கி வந்துவிட்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. அன்று நாலரை மணிக்கு அவள் அசர் தொழுகையில் இருந்தபோது, யாருக்கும் தெரியாமல் நாலு சக்கரத்துக்கும் அடியில் நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். மூணு வெறும் பழம். நாலாவதில் மட்டும் பச்சை மிளகாயும் கரித்துண்டும் கோத்து, கொஞ்சம் கூடுதல் பலமாக இருக்கட்டும் என்று வைத்தேன். அவளிடம் கேட்கவில்லை. "எங்களுக்கு இதெல்லாம் இல்ல குந்தவை" என்று முன்பே ஒருதரம் சொல்லியிருக்கிறாள். தெரிந்தால்தானே? அவள் புகைச் சான்றிதழுக்கு வண்டியை எடுத்துப் போனதும் நசுங்கின தோலையெல்லாம் பெருக்கித் தள்ளிவிட்டு, திருஷ்டி கழிந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன்.

"ஸ்டெப்னிய மாத்திடலாமே?" என்றேன்.

"அது வழுக்கை. ரப்பர் தேஞ்சு பட்டன்னு ஒண்ணுமே இல்ல. அத மாட்டிட்டுப் போனா வண்டிய உள்ள விடும்போதே ஃபெயில் போட்டுடுவாங்க" என்றாள்.

லெட்சுமாங்குடி பஞ்சர் கடைக்காரருக்குப் போன் போட்டோம். மகள் கல்யாணமாம், கடை மூணு நாளைக்கு லீவு. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை உண்டு, அதுவரைக்கும் எப்படியாவது போய்ச் சேர வேண்டும். அஹமது கபீர் அனுப்பியிருந்த சின்னக் காற்றடிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. அதைக் காரில் சொருகிக் காற்று ஏற்றினாள். முள் முப்பத்திரண்டுக்கு வந்ததும், "நீயும் வா" என்றாள். இவ்வளவு வருஷத்தில் அவள் என்னைத் துணைக்குக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

வழி முழுக்க என் வாய் ஓயவில்லை. ரோட்டில் ஆணியைப் போட்டவன், கட்டடம் கட்டிக் கம்பியை அப்படியே விட்டவன், ரோடு போட்டவன், ஒருத்தனையும் விடவில்லை. "அவன் கை வெளங்குமா?" என்றுகூடச் சொன்னேன். ஹபீபா முப்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவில்லை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவள் தோள் தூக்கிக்கொண்டது. கமலாபுரத்தில் நிறுத்திப் பார்த்தோம். இருபத்திரண்டு. மறுபடி காற்று. வயலில் உளுந்து பறித்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். மெஷின் கடகடவென்று கத்தும்போது அவள் முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது போச்சுன்னா நான் வீட்டுக்குள்ளதான் குந்தவை" என்றாள் திடீரென்று. "அவரு கூட்டிட்டுப் போவாரு. மாட்டேன்னு சொல்ல மாட்டாரு. ஆனா ஒவ்வொண்ணுக்கும் போய்க் கேக்கணும்."

புலிவலம் தாண்டி இன்னொரு தடவை காற்று ஏற்றினோம். பஞ்சர் கடையில் போய் நின்றபோது ஒன்பதரை.

கடைக்காரர் பெயர் வேம்பு. அவசரமே இல்லாத மனுஷன். ஜாக்கியை வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றி, சோப்புத் தண்ணீரைத் தெளித்துச் சுற்றினார். ஓர் இடத்தில் நுரை கொப்பளித்தது. "இந்தா இருக்காரு" என்று கொறடை வைத்து இழுத்தார். வந்துகொண்டே இருந்தது. என் நடுவிரல் நீளத்துக்கு.

"என்னம்மா இது, கோணி ஊசி!" என்றார். "ரோட்டுல கெடந்தா இப்படி நேரா ஏறாது. யாரோ நிமித்தி வச்ச மாதிரில்ல இருக்கு. ஒங்களுக்கு வேண்டாதவங்க யாராச்சும் இருக்காங்களா?"

ஊசியின் காதில் நீலநிற நூல். அதில் ஒட்டிக்கொண்டு துளியூண்டு மிளகாய்த் தோல்.

மிளகாயையும் பழத்தையும் கோத்துவிட்டு முடிச்சுப் போடுவதற்குள் தொழுகை முடிந்துவிடுமே என்ற அவசரத்தில், ஊசியைப் பழத்திலேயே விட்டு, சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறேன். காலையிலிருந்து பஞ்சநதத்தைத் திட்டித் தேடின ஊசி. வழி முழுக்க நான் சாபம் விட்ட கை என் கைதான்.

ஹபீபா ஊசியை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். "மூஸா மச்சான் நேத்து சாயங்காலம் சந்துல வந்து நின்னாங்க" என்று மெதுவாகச் சொன்னாள். "ஆள் பேசி வச்சாச்சுல்ல. பாஸ் ஆயிடக் கூடாதுன்னு…" முடிக்காமல் ஊசியைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். அவள் கண் சிவந்திருந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். இந்த நேரத்தில் சொன்னால் இவளால் ஒழுங்காக ஓட்ட முடியாது, வண்டியைக் காட்டி முடிக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பொய். பயம்தான். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பயம் வந்து என் வாய் மூடிக்கொண்டது.

வேம்பு ஓட்டையில் ரப்பர் திரியைச் சொருகி, மீதியை நறுக்கிவிட்டார். "பயப்படாம போங்க" என்றார். நாங்கள் ஆபீஸ் மைதானத்துக்குள் நுழைந்தபோது பத்து அடிக்க மூணு நிமிஷம்.

பிரேக் இன்ஸ்பெக்டர் இளவயசுக்காரர், சிரிக்கவே இல்லை. "டிரைவர் எங்கம்மா?" என்றார்.

"நான்தான் சார்."

ஒருதரம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினார். சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்தார். லைட், ஹாரன், வைப்பர், இண்டிகேட்டர். அடுத்து டயருக்கு வந்தார். ஒவ்வொன்றாகக் குனிந்து பட்டனில் விரலை விட்டுப் பார்த்தார். பின்னால் இடது பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"இது இப்பப் போட்டதா?"

"ஆமா சார். ஊசி ஏறிடுச்சு."

கட்டை விரலால் அமுக்கினார். காதை வைத்துக் கேட்டார். இந்த வண்டி இங்கே ஃபெயில் ஆனால் சாயங்காலம் லாரி வந்து எடுத்துப் போகும், அதை நான் என் வாசலில் நின்று பார்க்க வேண்டும், பஞ்சநதம் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார்.

"ஓட்டுங்க. நான் கையக் காட்டுனதும் பிரேக் போடணும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

மைதானத்தின் அந்தக் கோடி வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். அவர் கையைக் காட்டினார். வண்டி நேராக, ஒரு பக்கமும் இழுக்காமல், அப்படியே நின்றது. கொஞ்சம் புழுதி எழும்பி அடங்கியது. அவர் டயரை மறுபடி ஒருதரம் பார்த்தார். பிறகு பலகையில் இருந்த தாளில் கையெழுத்துப் போட்டார். "வண்டிய நல்லா வச்சிருக்கீங்க" என்றார்.

அவ்வளவுதான். ஐந்து வருஷம்.

ஹபீபா வண்டியை ரோட்டோரப் புளியமரத்தடியில் நிறுத்தினாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"அவருக்குச் சொல்லணும். பாஸ் ஆனத மட்டும் இல்ல, அண்ணன் செஞ்ச காரியத்தையும் சொல்லணும்" என்றாள்.

"போன வை ஹபீபா" என்றேன். "அது என் ஊசி."

எல்லாவற்றையும் சொன்னேன். பழம், மிளகாய், நீல நூல். அவள் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அவளுடைய பயத்து மௌனம் தெரியும். இது அது இல்லை.

"ஏன் என்னக் கேக்கல?" என்றாள் கடைசியில்.

"கேட்டா வேணாம்னு சொல்லிருப்ப."

"ஆமா. சொல்லிருப்பேன்." கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "அவரும் அதான் செய்றாரு. கேட்டா நான் மாட்டேன்னு சொல்லுவேன்னு தெரிஞ்சுதான், கேக்காமலே ஆள் பேசச் சொல்லிட்டாரு. என் நல்லதுக்குத்தான். நீயும் என் நல்லதுக்குத்தான் செஞ்ச. எல்லாரும் என் நல்லதுக்கே செய்றீங்க. ஒருத்தர் என்னக் கேட்டா என்ன?"

அவள் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. அஹமது கபீரையும் என்னையும் ஒரே தட்டில் வைத்துவிட்டாள், அதில் தப்பும் இல்லை.

பிறகு போன் போட்டாள். "பாஸ் ஆயிடுச்சு" என்றாள். அந்தப் பக்கம் அவர் ஏதோ சொன்னார். "சரி. சாயங்காலம் யாரும் வர வேணாம்னு நீங்களே அண்ணன்கிட்டச் சொல்லிடுங்க. இனிமே விக்கிறதுன்னா மொதல்ல என்னக் கேளுங்க. நான் மாட்டேன்னுதான் சொல்லுவேன். இருந்தாலும் கேளுங்க."

அப்புறம் அவர் சொன்னது எனக்கே கேட்டது: "சரி ஹபீபா."

வீடு வந்து சேர்கிறவரைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. சந்தில் இறங்கும்போது அவள் கைப்பையிலிருந்து ஊசியை எடுத்து நீட்டினாள். "இந்தா. மூட்டை தைக்கணும்ல?" அதில் கோபம் இருந்ததா இல்லையா என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. உள்ளே போய்ப் பஞ்சநதத்திடம் ஊசி கிடைத்துவிட்டது என்றேன். எங்கே கிடைத்தது என்று அவர் கேட்டார். சொன்னேன். அவர் அன்று ராத்திரி வரைக்கும் என்னோடு பேசவில்லை.

மூணு வாரம் கழித்து, அஹமது கபீரைக் கூட்டி வரத் திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவளே புறப்பட்டாள். நாலு டயருக்கும் காற்றுப் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து ஏறப்போனாள். நான் கையில் ஒரே ஒரு பழத்தோடு அவள் எதிரில் போய் நின்றேன்.

"ஹபீபா, ஒண்ணு வைக்கட்டுமா? வெறும் பழம்தான்."

அவள் என்னைப் பார்த்தாள், பழத்தைப் பார்த்தாள்.

"வேணாம்" என்றாள்.

சரி என்று எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் எலுமிச்சம்பழச் சாதம்.